பூட்டிய கணக்கும் அஃப்ரியேயின் பேரனும்

குமாசி நகரத்தில், வண்டிப் பட்டறைகள் நிறைந்த சுவாமே பக்கம் போய், ரேடியேட்டர்காரர் யாவ் தியாமோவா பட்டறை எங்கே என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். "உங்க அம்மா எந்த ஊருன்னு ஞாபகப்படுத்திக்கிட்டுப் போங்க" என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. லாரியோ மினிபஸ்ஸோ ஆவி கக்கிக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றால், வண்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் டிரைவரின் வாயைத் திறப்பது அவர் வழக்கம். அம்மா எந்த ஊர், அவளைப் பெற்றவள் எந்தக் குடி, கூடப் பிறந்தவர்கள் எங்கெங்கே வாக்கப்பட்டுப் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார். இரண்டு தலைமுறை மேலே ஏறினால் எங்கேயாவது ஒரு கிளை அவருடைய கிளையில் வந்து முட்டும். முட்டிவிட்டால் அன்றைக்குப் பாதிக் கூலிதான். மீதியை எப்போது முடியுமோ அப்போது கொடுத்தால் போதும்.

பக்கத்துப் பட்டறையில் வண்டிக்குச் சாயம் அடிக்கிற அன்டோ இதைச் சொல்லியே அவரை வாருவான். "அண்ணே, உங்களுக்கு ரேடியேட்டர்ல ஓட்டை கண்டுபிடிக்கிறதைவிட வம்சத்துல ஓட்டை கண்டுபிடிக்கிறதுதான் லேசா வருது." யாவ் கோபித்துக்கொள்ள மாட்டார். சொந்தக்காரன் எங்கே ஓடிப்போவான், அவன் அம்மா வீடு எனக்குத் தெரியுமே என்பார். அந்த நம்பிக்கையில் அவர் ஏமாந்ததும் குறைவு. உறவைச் சொன்னால் வேலை நடக்கும், உறவைச் சொன்னால் கதவு திறக்கும் என்றே ஐம்பது வயதுவரை வாழ்ந்துவிட்டார்.

அவருக்குப் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த மண்ணில் குடும்பம் என்றால் தாய் வழிதான். பெற்ற பிள்ளை பெண்டாட்டியின் குடும்பத்தைச் சேர்ந்தவன். தன் குடும்பம், தனக்குப் பின்னால் தன் நாற்காலியில் உட்காரப்போகிறவன் என்றால் அது அக்காள் தங்கை பெற்ற மருமகன். யாவுக்கு அப்படி வாய்த்தவன் அடூசெய். தங்கை அக்யாவின் ஒரே மகன்.

அடூசெய்க்கு அப்பன் இருந்தும் இல்லாத மாதிரி. தென்பக்கம் கொக்கோ தோட்டத்துக்குப் போனவன் அங்கேயே வேறு அடுப்பு மூட்டிவிட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியது யாவ். அவனைத் தோளில் உட்காரவைத்து ஊர்வலம் காட்டியது யாவ். பெரிய பள்ளி முடித்தவனை அடும் கடைத்தெருவில் ஒரு மரப்பெட்டிக் கடை வைத்து உட்காரவைத்ததும் அவர்தான். அதில் ஃபோன் பழுது பார்ப்பான், உறை விற்பான், உடைந்த கண்ணாடி மாற்றுவான். கடை தழைத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடூசெய் மாமா வீட்டுக்கு வந்துவிடுவான். வருகிறபோது ஆட்டுக்கறி வாங்கி வருவான், வேகவைத்த கிழங்கை ஃபூஃபூக் களியாக இடிக்கிற உலக்கையையும் அவனே பிடுங்கிக்கொள்வான். ஒரே சட்டியில் மாமனும் மருமகனும் கை வைத்துச் சாப்பிடுவார்கள். கறித் துண்டு அவர் பக்கம் நகரும், அவர் திரும்ப அவன் பக்கம் தள்ளுவார். சட்டி காலியாகும்வரை இந்தத் தள்ளுமுள்ளு நடக்கும்.

இந்த உறவில் ஒரு முடிச்சு உண்டு. அக்யா அவருடைய கூடப்பிறந்த தங்கை இல்லை. யாவின் அம்மாவும் அக்யாவின் அம்மாவும் ஒரே வீட்டில், ஒரே பாயில் அக்காள் தங்கையாக வளர்ந்தவர்கள். அக்யாவின் அம்மா பெயர் அஃப்ரியே. நல்ல நேரத்தில் வந்தவள் என்று அர்த்தம். அவள் கன்னத்தில் இரண்டு பக்கமும் பூனை மீசை மாதிரி கீற்றுகள் இருந்தன. மம்போன்டெங் கிராமத்துப் பூர்வீக வீட்டில் வேறு யாருக்கும் அப்படிக் கீற்று கிடையாது. யாவ் சின்னப் பையனாக இருந்தபோது, "சித்திக்கு மட்டும் ஏம்மா மூஞ்சியில கோடு?" என்று கேட்டுவிட்டார். அவர் அம்மா கையை ஓங்காதவள். அன்றைக்கு வாயிலேயே ஒன்று வைத்தாள். உதடு கிழிந்து இரண்டு நாள் கஞ்சி குடித்தார்.

பெரியவரான பிறகு அம்மாவே ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள். குடும்பத்தில் மூத்த ஆண் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். அஃப்ரியே வடக்கே புல்வெளி நாட்டிலிருந்து, பஞ்சக் காலத்தில் சின்னப் பெண்ணாகக் கொண்டுவரப்பட்டவள். விலை கொடுத்து வாங்கியதா, கடனுக்கு ஈடாக வந்ததா என்று அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அந்த வீட்டு வாசல்படி தாண்டிய அன்றைக்கே அவள் அந்த வீட்டுப் பெண். அதற்குப் பிறகு ஒருத்தர் பூர்வீகத்தை இன்னொருத்தர் வாய் திறந்து சொல்லக்கூடாது. ராஜா காலத்திலிருந்து வருகிற கட்டு அது. சொன்னவன் தலை போன காலமும் இருந்தது. "உனக்குத் தெரியணும், ஆனா உன் நாக்குக்குத் தெரியக் கூடாது" என்றாள் அம்மா. யாவ் தலையாட்டினார். அக்யாவுக்கே அது தெரியாது. அடூசெய்க்கு எங்கே தெரியும்?

அபுவாக்வா போகிற வழியில் யாவ் ஒரு மனை வாங்கிப் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி, ஜன்னல் தலைக்கு மேலே பட்டை கட்டியதோடு கை வறண்டுபோய் நின்றுவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் செங்கல் கறுத்துக்கொண்டே வந்தது. அறைக்குள் பப்பாளி முளைத்துக் காய்த்தது. அந்தக் காயைப் பறித்துக்கொண்டு வந்து, "இது உங்க படுக்கையறைல காய்ச்சதுண்ணே, ஒரு துண்டு சாப்பிடுங்க" என்று அன்டோ நீட்டினான். மற்ற கேலிக்கெல்லாம் சிரிக்கிற மனுஷர், அதற்குச் சிரிக்கவில்லை. அந்தக் கூரைதான் அவருக்கு ஒரே ஏக்கமாக இருந்தது. அவருக்குப் பின்னால் அடூசெய் அந்த வீட்டில் இருப்பான், அவன் அம்மா அக்யா முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துத்தான் கட்ட ஆரம்பித்தார். அதையும் சொல்லவேண்டும்.

அப்போதுதான் அந்த விமான ஆட்டம் கண்ணில் பட்டது. அடூசெய் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் சின்ன விமானம் ஒன்று மேலே ஏறியது. ஏற ஏற எண் பெருகியது. திடீரென்று பறந்து மறைந்துவிட்டது. மறைவதற்கு முன்னால் பொத்தானை அழுத்தினால், வைத்த பணம் அத்தனை மடங்கு. அழுத்தத் தவறினால் ஒன்றுமில்லை. எங்கேயோ கடல் தாண்டி நடக்கிற சூதாட்ட இணையதளம் அது. நம் பணத்தை வாங்காது. கைபேசிப் பணத்தை ஒரு பையனிடம் அனுப்பினால் அவன் கிரிப்டோ காசாக மாற்றிப் போடுவான், அதை வைத்து ஆட வேண்டும்.

மாமாவுக்கு ஆசை வந்ததைப் பார்த்து அடூசெய்க்குச் சங்கடமாகிவிட்டது. இது கடையில ஆள் வராதப்ப பொழுதுபோக்குக்கு மாமா, இதுல யாரும் வீடு கட்டினதில்ல என்று சொல்லிப் பார்த்தான். யாவ் விடவில்லை. கடைசியில் தன் பழைய ஃபோனைத் துடைத்து, அதிலேயே மாமா பேரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தான். அந்த ஃபோனில்தான் அவனும் முதலில் தன் கணக்கைத் திறந்திருந்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு போனஸ் தருவார்கள். அவனுக்குத் தந்தார்கள், மாமாவுக்கும் தந்தார்கள். சம்மதம் என்று ஒரு கட்டத்தைத் தொடச் சொன்னது. அதற்கு மேலே பொடி எழுத்தில் நிபந்தனைகள் ஓடிக்கொண்டே போயின.

"என்னடா எழுதியிருக்கு இதுல?"

"யாரு மாமா படிக்கிறா அதை? தொட்டுட்டு உள்ள போங்க."

தொட்டுவிட்டு உள்ளே போனார்.

சில மாதம் போகவும் வரவுமாக ஓடியது. ஒரு மழை நாள் மத்தியானம், பட்டறையில் ஒரு பழைய லாரி ரேடியேட்டர் மட்டும் கிடந்தது. யாவ் ஃபோனைப் பலகையில் சாய்த்து வைத்து விரலால் தொட்டார். எண்ணெய்ப் பிசுக்கு விரல், எங்கேயோ பட்டு, கணக்கில் இருந்த எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் வைத்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது. அதற்குள் ஈயம் உருகிவிட்டது. ஒரு கையில் தீக்குழல், இன்னொரு கையில் பற்றவைக்கிற கம்பி. விமானம் ஏறியது. கையை எடுத்தால் ஈயம் ஓடிவிடும். அவர் பாட்டுக்கு ஓட்டையை அடைத்து முடித்து, தீக்குழலை வைத்து, கையைத் துடைத்து, பிறகு பொத்தானை அழுத்தினார். விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. சாதாரணமாக ஆடுகிற எவனும் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க மாட்டான்.

எண்ணைப் பார்த்ததும் அன்டோவைக் கூப்பிட்டார். அன்டோ இரண்டு தரம் வாசித்துவிட்டு, முகமூடியைக் கழற்றி, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கூரைக்கு மரம், தகரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வந்துவிடும். மேலே கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

பணத்தை எடுக்க மனு போட்டார். அன்று சாயங்காலமே கணக்கு பூட்டிக்கொண்டது. சரிபார்ப்பு நடக்கிறது, பொறுத்திருக்கவும் என்று வந்தது. அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தார். அட்டையைக் கன்னத்தோடு பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அதையும் அனுப்பினார். பிறகு ஒரு கேள்வி வந்தது. இதே ஃபோனிலிருந்து இன்னொரு கணக்கும் திறக்கப்பட்டிருக்கிறது, அந்த நபரை உங்களுக்குத் தெரியுமா?

அன்றைக்கு அடூசெய் ஊரில் இல்லை. சரக்கு எடுக்க அக்ராவுக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் யாவுக்கு அந்தக் கேள்வி ஒரு சிக்கலாகவே படவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. இப்போது அவரிடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அன்டோவுக்கு இங்கிலீஷ் எழுத வரும். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

"தெரியுமாவா? எழுது. அவன் என் தங்கச்சி பெத்த மருமவன். என் சொந்த ரத்தம். நான் செத்தா என் பட்டறையும் வீடும் அவனுக்குத்தான். மம்போன்டெங் வந்து யாரை வேணாலும் கேட்டுக்கச் சொல்லு."

"இவ்வளவும் வேணுமாண்ணே?"

"எழுதுடா. நாம யாருன்னு தெரிஞ்சாத்தானே அவனுக்கு நம்பிக்கை வரும்."

பதில் உடனே வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு, ஒரு போனஸ் என்பதுதான் நிபந்தனை. நீங்களே ஒப்புக்கொண்டபடி இரண்டு கணக்கும் மூடப்படுகின்றன.

அக்ராவிலிருந்து வந்த அடூசெய் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றான். "அவங்ககிட்ட போய் குடும்பக் கதை சொன்னீங்களா மாமா? அவங்க என்ன உங்க லாரி டிரைவரா?" என்று கேட்டான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு இறங்கினான். அந்தப் பொடி எழுத்தை இப்போதுதான் அவனும் படித்தான். ஒரு பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு என்று இருந்தது. வேறொரு இடத்தில் ஒரு ஃபோனுக்கு என்று இருந்தது. நாங்கள் ஒரு வீட்டில் இல்லை, குடும்பம் என்று நீங்கள் யார் யாரைச் சொல்கிறீர்கள், எங்கள் பக்கம் குடும்பம் என்றால் ஒரு கிராமம் அளவு இருக்கும் என்று எழுதினான். அந்தப் பக்கம் தினம் ஒரு பெயரில் ஒருத்தி வந்தாள். எல்லாரும் உங்கள் வருத்தம் புரிகிறது என்றார்கள். பேசுகிறது மனுஷியா இயந்திரமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்படியும் அவன் விடவில்லை. இந்த மாதிரி ஏமாந்தவர்கள் புகார் எழுதுகிற ஒரு இணையதளம் இருந்தது. அங்கே எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டான். பத்துப் பேர் பார்க்கிற இடம் என்பதால் சூதாட்டக்காரர்கள் அங்கே வந்து பணிவாகப் பதில் சொன்னார்கள். இருவருக்கும் ரத்த உறவு இல்லை என்று நீதிமன்றத்தில் பிரமாணம் செய்த பத்திரம் அனுப்பினால், முன்பு உறவு என்று சொன்னது ஏன் என்ற விளக்கத்தோடு, மறுபடி பரிசீலிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சட்டி முன்னால் உட்கார்ந்து அடூசெய் அதை மாமாவுக்குப் படித்துச் சொன்னான். சொல்லிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"விட்ருவோம் மாமா."

"ஒரு பேப்பர்தானேடா."

"பேப்பர்தான். ஆனா நான் உங்க மருமவன் இல்லேன்னு எதுலயும் எழுத வேணாம். கூரை நான் போடறேன். அடுத்த வருஷம் இல்லாட்டி அதுக்கு அடுத்த வருஷம். சாப்பிடுங்க."

யாவ் சரி என்றார். கறித் துண்டை அவன் பக்கம் தள்ளினார். அன்றைக்கு அவர் மனதாரத்தான் சரி என்றார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு அடித்தது. அபுவாக்வா வீட்டின் பின்சுவர் ஒரு மூலையில் வாய் பிளந்துவிட்டது. யாவ் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு, முட்டிவரை சேறோடு பட்டறைக்குத் திரும்பினார். பக்கத்து மனைக்காரன் வீட்டில் விளக்கு எரிந்ததையும், குழம்பு வாசம் வந்ததையும் அன்டோவிடம் சொன்னார். மறுநாள் கடைத்தெருப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக நீதிமன்றத்துக்குப் போனார். மருமகன் கண்ணில் படாமல் ஒரு காரியம் செய்ய அவர் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

நீதிமன்ற வாசலில் பெரிய குடைகளுக்கு அடியில் தட்டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிறந்த தேதி மாறினதற்கும், பேர் பிசகினதற்கும், சிம் தொலைந்ததற்கும் அங்கேதான் பத்திரம். யாவ் ஒருவரிடம் போய், சூதாட்டக்காரர்கள் கேட்டதைச் சொல்லி, அடூசெய் என்கிறவன் எனக்கு ரத்த உறவு இல்லை என்று எழுது என்றார். தட்டச்சுக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். முதலில் உறவு என்று சொன்னது ஏன் என்று கேட்கிறார்களே, அதற்கு என்ன எழுத என்றார். வளர்ப்பு என்று போடு என்றார் யாவ். வளர்ப்பும் குடும்பம்தானே பெரியவரே, திருப்பி அனுப்பிவிடுவார்கள், சரியான காரணம் சொன்னால்தான் நிற்கும் என்றார் அந்த மனுஷர். அவர் தொழிலை அவர் ஒழுங்காகப் பார்த்தார். அவர்மேல் குற்றமில்லை.

யாவுக்குக் காரணம் தெரியும். ஊரில் எல்லாருடைய காரணமும் தெரிந்தவர் அவர். குரலைத் தாழ்த்தி, அஃப்ரியே எங்கிருந்து வந்தாள் என்பதைச் சொன்னார். தட்டச்சு யந்திரம் டக்டக்கென்று அடித்தது. அது இங்கிலீஷில் அடித்ததால் அவர் சொன்னது ஏதோ வேறு யாரைப் பற்றியோ மாதிரி இருந்தது.

ஆனால் உள்ளே பிரமாண அதிகாரி முன்னால் போனபோது அப்படி இல்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தைத் தாய்மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்ல தெளிவான குரலில் வாசித்தாள். மேற்படி அடூசெய் என் தாயின் குடியைச் சேர்ந்தவன் அல்ல. அவன் தாயைப் பெற்ற அஃப்ரியே என்பவள் வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்டு எங்கள் வீட்டில் வைக்கப்பட்டவள். எங்களுக்குள் ரத்தத் தொடர்பு எப்போதும் இல்லை.

தன் பாஷையில், ஒரு பெண் குரலில் அதைக் கேட்டதும் யாவ் கை தானாக உதட்டுக்குப் போனது.

"சரிதானே பெரியவரே? நீங்க சொன்னது இதுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப விரலை வைங்க."

வைத்தார். ஈயமும் சூடும் பட்டுப் பட்டு அவர் கட்டைவிரல் வழவழவென்று தேய்ந்திருந்தது. மையில் ரேகையே விழவில்லை, கறுப்புப் பொட்டாக விழுந்தது. இது செல்லாது, துடைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள் என்றாள் அவள். இரண்டாம் தரம் நன்றாக அழுத்தினார். பின்னாளில் அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அந்த இரண்டாம் தரத்தைத்தான். முதல் தரம் விழாதபோதே எழுந்து வந்திருக்கலாம். துணியைக் கேட்டு வாங்கி, விரலைத் துடைத்து, அவரே மறுபடி அழுத்தினார்.

பத்திரத்தை அன்டோவின் ஃபோனிலிருந்து அனுப்பினார்கள். அன்டோ அதைக் கடைசி வரிவரை வாசித்தான். அனுப்புகிற பொத்தானை மட்டும், "நீங்களே தொடுங்கண்ணே" என்று அவர் பக்கம் நீட்டினான்.

பதில் வர நாளாயிற்று. விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம், கணக்கு திறக்கப்படுகிறது என்று ஆரம்பித்தது. யாவ் முகம் மலர்வதற்குள் அன்டோ அடுத்த வரிக்குப் போய்விட்டான். போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு ஆட்டத்தில் இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று நிபந்தனையில் இருக்கிறது. வென்ற ஆட்டத்தில் நீங்கள் அதற்கு மேல் வைத்திருக்கிறீர்கள். ஆகவே வென்றது ரத்து. நீங்கள் போட்ட பணம் மட்டும் திரும்பக் கிடைக்கும். அது ஒரு கதவுக்குப் பூட்டு வாங்கக் காணாது.

பிசுக்கு விரல் பட்ட நிமிஷத்திலேயே அந்தப் பணம் போய்விட்டது. உறவு, ரத்தம், பிரமாணம் என்று கேட்டதெல்லாம் வெறும் இழுத்தடிப்பு. இது முதலிலேயே அவர்களுக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை என்றான் அன்டோ. போகட்டும், இந்தத் தலைவலி இதோடு முடிந்தது, அடூசெய்க்குத் தெரியவே வேண்டாம் என்று யாவ் மனதைத் தேற்றிக்கொண்டார்.

பூட்டியது இரண்டு கணக்கு. அதனால் திறந்ததும் இரண்டு கணக்கு. அடூசெய்க்கும் கடிதம் போயிருந்தது. கீழ்க்கண்ட பிரமாணத்தின் அடிப்படையில் உங்கள் கணக்கும் திறக்கப்படுகிறது என்று, பத்திரத்தை அப்படியே இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

அடூசெய் பட்டறைக்கு வந்தபோது வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். அவர் போகும்வரை பழைய டயர்மேல் உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தான். பிறகு எழுந்து வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"எங்க பாட்டி எந்த ஊரு மாமா?"

யாவ் கையில் இருந்த ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. ஓட்டையிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது.

"அது காசுக்கு எழுதினதுடா. அவன் கேட்டான், எதையோ எழுதினேன்."

"அப்ப பொய்தானே?"

யாவ் ரேடியேட்டரைத் தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் அமுக்கினார்.

"பொய்னு சொல்லுங்க மாமா. நான் நம்பிக்கிறேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அந்த இடத்தில் பொய் சொல்ல வேண்டும். பூர்வீகத்தைச் சொல்லக்கூடாது என்கிற அந்தக் கட்டே அதற்குத்தான் இருக்கிறது. குடும்பத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பொய் என்று சொல்லியிருப்பார். ஆனால் வம்சத்தைப் பற்றி ஒருநாளும் தப்பாகச் சொல்லாத வாய் யாவின் வாய். அந்தப் பெருமையே அப்போது குறுக்கே வந்து நின்றது. குமிழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் "பொய்தான்டா" என்றார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அடூசெய் தலையை ஆட்டினான். "எங்கம்மாவுக்கு இது போகக் கூடாது. அது மட்டும் பாத்துக்கங்க" என்றான். போகும்போது, வழக்கமாக வெளியே சாய்ந்து கிடக்கிற பெயர்ப் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனான். மழை வருகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாவ் மனைவி சேவா எப்போதும் போல வாழைக்காயும் கிழங்கும் வேகவைத்து, உலக்கையைக் கழுவி வைத்தாள். அவன் வரவில்லை. கடையில் வேலை அதிகம் என்று ஆள் விட்டிருந்தான். அடுத்த வாரமும் வேலை அதிகம். சேவா கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு இருவருக்கு மட்டும் வேகவைக்க ஆரம்பித்தாள். அக்யா ஒன்றும் அறியாதவளாக அண்ணனைப் பார்க்க வந்து, "அவன் எங்கிட்டயும் முன்ன மாதிரி பேசறதில்லண்ணே, யாரோ பொண்ணு கிண்ணு இருக்கும் போல, நீ கொஞ்சம் விசாரியேன்" என்றாள். உன் பேச்சுக்குத்தான் அவன் கட்டுப்படுவான் என்றும் சொன்னாள். யாவ் சரி என்று சொல்லி அனுப்பினார்.

மறு வருஷம் யாவின் அம்மா போய்ச் சேர்ந்தாள். நிறைந்த வயது. மம்போன்டெங் பூர்வீக வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டிக்கொண்டு சனங்கள் வந்து குவிந்தார்கள். குடும்பத்து நாற்காலிகள் ஒரு பக்கம், வந்தவர்கள் நாற்காலிகள் எதிர்ப்பக்கம். துக்கம் கேட்க வந்தவர்கள் வலமிருந்து இடமாக எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே போவார்கள். குடும்பத்தார் உட்கார்ந்து கையை வாங்கிக்கொள்வார்கள். அக்யா முன்வரிசையில், யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அடூசெய் வந்தான். துணி கட்டு சுத்தமாக இருந்தது. பந்தலின் அந்தக் கோடியிலிருந்து, வெளியூர்க்காரர்களோடு வரிசையில் சேர்ந்து, ஒவ்வொருவருக்காகக் கை கொடுத்துக்கொண்டே வந்தான். அக்யா அவன் கையைப் பிடித்து இழுத்து, "என்னடா இது கூத்து, இங்க உக்காரு" என்றாள். கடையை ஆள் பொறுப்பில் விட்டுட்டு வந்தேம்மா, உடனே போகணும் என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தான். அடுத்த கை யாவுடையது. மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே மெதுவாக, மரியாதையாகக் கொடுத்தான். "துக்கம் கேக்க வந்தேங்க" என்றான். வந்தவர்கள் எல்லாரும் சொல்கிற சொல் அது.

குடும்பத்தார் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மொய் எழுதுவது வெளியார்தான். அடூசெய் மொய் மேசைக்குப் போனான். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்தது. அடும் கடைத்தெரு, ஃபோன் கடை அடூசெய், குடும்பத்துக்கு வேண்டியவர், இவ்வளவு. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத் தலைவர் குனிந்து, பேரன் எதற்கு மொய் எழுதுகிறான் என்று யாவிடம் கேட்டார். எழுதுகிற பையன் தெரியாமல் மாற்றிப் போட்டிருப்பான் என்றார் யாவ். அந்தப் பொய் அவருக்கு உடனே வந்தது.

சாவு காரியம் முடிந்த பிறகு, மொய் எழுதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து நன்றி சொல்வது முறை. பங்கு பிரித்தபோது அடும் பக்கத்தை நான் பார்க்கிறேன் என்று யாவ் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனார். அம்மா வாயில் அடித்ததிலிருந்து ஆரம்பித்து, இரண்டாம் தரம் விரல் வைத்ததுவரை எல்லாவற்றையும் சொல்லி, சட்டி ஞாயிற்றுக்கிழமையெல்லாம் காலியாகக் கிடக்கிறது என்று முடிப்பதாக நினைத்திருந்தார். இதை மட்டும் யாரையும் எழுதவைத்து அனுப்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடையில் அடூசெய் ஒரு ஃபோனைப் பிரித்து வைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான். முக்காலியைத் துணியால் துடைத்துப் போட்டான். குளிர்ந்த தண்ணீர் வாங்கிவந்து, இரண்டு கையாலும் நீட்டினான். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றான். பிறகு எதிரில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வந்த விருந்தாளியிடம் கேட்கிற முறைப்படி கேட்டான்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க வந்த காரியம் என்னங்க?"

சொந்த வீட்டாரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்ல முடியும். யாவ் காலிக் குவளையை மடியில் வைத்துக்கொண்டார். வழியில் கோத்து வைத்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

"அதுக்கென்னங்க, கடமைதானே" என்றான் அடூசெய். குவளையை வாங்கிக்கொண்டு, அவரோடு தெருமுனைவரை நடந்து வந்து, முறைப்படி வழியனுப்பிவிட்டுத் திரும்பினான்.